இன்சுலின் கண்ட பேன்டிங்: பண்ணை வீட்டுப் பிள்ளையின் கதை

இனிப்பு நீருக்குப் பல ஆண்டுகளாக மாத்திரை சாப்பிட்டு வருபவரிடம், இனி இன்சுலின் ஊசி போட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டால் அன்று அந்த வீட்டில் சோறு இறங்காது. கிள்ளானிலும் சரி, பிரிக்பீல்ட்ஸிலும் சரி, பேச்சு ஒன்றுதான். ஊசிக்கு வந்துவிட்டது, இனி கடைசிக் கட்டம், அடுத்து கண் போகும், கால் போகும். பயந்துபோய் ஊசியை வாங்கி வந்து ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு, பாகற்காய்ச் சாற்றிலேயே காலத்தை ஓட்டுகிறவர்களும் உண்டு.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு நிலைமை நேர்மாறாக இருந்தது. அந்த ஊசி இல்லாத காரணத்தாலேயே பிள்ளைகள் இறந்தார்கள். நோய் கண்ட பிள்ளை ஓர் ஆண்டோ இரண்டு ஆண்டோ தாக்குப்பிடிக்கும். அதற்கும் அன்றைக்கு இருந்த ஒரே வைத்தியம் பட்டினி. நாளைக்குச் சில நூறு கலோரி மட்டும் கொடுத்து, எலும்பும் தோலுமாக உயிரைப் பிடித்து வைத்திருப்பார்கள். நோயில் சாவதா, பசியில் சாவதா என்பதுதான் பெற்றோர் முன் இருந்த கேள்வி.

அந்த நிலையை மாற்றிய குழுவின் முதல் பெயர் ஃபிரெடரிக் பேன்டிங். அவர் பிறந்த நவம்பர் 14-ஆம் தேதியையே உலக நீரிழிவு நாளாக 1991 முதல் கடைப்பிடிக்கிறார்கள். தீபாவளிப் பலகாரத் தட்டுகள் காலியாகும் சமயத்தில் அந்த நாள் வருவது மலேசியத் தமிழர்களுக்குப் பொருத்தமான ஏற்பாடுதான். 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு ரத்தத்தில் சர்க்கரை அதிகம் என்று தெரிய வந்தது. இந்தியர்களிடையே அது 30 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது.

பேன்டிங் 1891-இல் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் அலிஸ்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில், பண்ணைக் குடும்பத்தின் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். மாடு, குதிரை, வைக்கோல் என்று வளர்ந்த பிள்ளை. படிப்பில் சராசரி, எழுத்துப் பிழை அதிகம். டொராண்டோ பல்கலைக்கழகத்தில் முதலில் கலைப் பிரிவில் சேர்ந்து தேறாமல் போய், 1912-இல் மருத்துவத்துக்கு மாறினார். முதல் உலகப் போரில் டாக்டர்கள் தேவைப்பட்டதால் படிப்பைச் சுருக்கி முடித்து, 1916 இறுதியில் பட்டம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். 1918-இல் பிரான்சின் கம்ப்ரே போர்க்களத்தில் கையில் குண்டுச் சிதறல் பாய்ந்தது. அப்படியும் மணிக்கணக்காக மற்ற காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்துகொண்டிருந்தார். அதற்காக வீரப் பதக்கம் கிடைத்தது.

பதக்கம் சோறு போடவில்லை. 1920 ஜூலையில் ஒன்டாரியோவில் உள்ள லண்டன் நகரில் கிளினிக் திறந்தார். நோயாளிகள் வரவில்லை. முதல் மாத வருமானம் 4 டாலர். செலவைச் சமாளிக்க அங்கிருந்த மருத்துவக் கல்லூரியில் பகுதி நேரமாகப் பாடம் சொல்லித் தரப் போனார்.

அந்த ஆண்டு அக்டோபர் 31-ஆம் தேதி அதிகாலை அவருக்குத் தூக்கம் வரவில்லை. மாவுச்சத்தை உடல் எப்படிப் பயன்படுத்துகிறது என்பது மறுநாள் எடுக்க வேண்டிய பாடம். அதற்குத் தயார் செய்தபின், கணையத்தைப் பற்றி மோசஸ் பாரன் என்ற டாக்டர் எழுதிய கட்டுரை ஒன்றைப் படித்திருந்தார். இரவு இரண்டு மணிவாக்கில் எழுந்து ஒரு குறிப்பு எழுதினார். சில வரிகள்தான். அதிலும் நோயின் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார். மருத்துவ வரலாற்றையே திருப்பிய குறிப்பு அது.

அதில் என்ன இருந்தது என்று புரிய, கணையத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். உடலில் சுரப்பிகள் இரண்டு விதம். உமிழ்நீர்ச் சுரப்பி, வியர்வைச் சுரப்பி போன்றவை தாம் சுரப்பதைக் குழாய் வழியே வெளியே விடுகின்றன. தைராய்டு, பிட்யூட்டரி, சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் ஆகியவற்றுக்குக் குழாய் கிடையாது. சுரப்பதை நேராக ரத்தத்தில் கலந்துவிடும். நாளமில்லாச் சுரப்பிகள் என்று பள்ளியில் படித்தது இவற்றைத்தான். ரத்தத்தில் கலக்கும் அந்தப் பொருள் உடல் முழுவதும் சுற்றினாலும், தனக்கென்று ஏற்பி உள்ள செல்லில்தான் வேலை செய்யும். தபால்காரர் ஒரு தாமானையே சுற்றி வந்தாலும் முகவரி உள்ள வீட்டில்தானே கடிதத்தைப் போடுகிறார், அந்த மாதிரி. இந்தத் தூதுப் பொருள்களுக்கு ஹார்மோன் என்ற பெயரை 1905-இல் இங்கிலாந்தின் எர்னஸ்ட் ஸ்டார்லிங் வழக்கில் கொண்டு வந்தார். மிகச் சொற்ப அளவிலேயே ரத்தத்தில் இருக்கும். ஆனால் வளர்ச்சி, மாதவிலக்கு, தூக்கம், பயம், பசி என்று அதன் கை படாத இடம் குறைவு.

கணையம் இதில் இரண்டு வேலையும் பார்க்கிற உறுப்பு. வயிற்றுக்குப் பின்னால் இருந்துகொண்டு, செரிமான நீரைக் குழாய் வழியே குடலுக்கு அனுப்புகிறது. அதே உறுப்புக்குள் அங்கங்கே சிறு தீவுகள் போலச் சில செல் கூட்டங்கள் இருப்பதை 1869-இல் ஜெர்மனியின் பால் லாங்கர்ஹான்ஸ் மாணவராக இருந்தபோதே கண்டார். அவை எதற்கு என்று அவருக்கு விளங்கவில்லை. 1889-இல் மின்கோவ்ஸ்கி, ஃபான் மேரிங் என்ற இருவர் ஒரு நாயின் கணையத்தை எடுத்துவிட்டபோது, அந்த நாய்க்கு இனிப்பு நீர் வந்தது. மலாயில் கென்சிங் மானிஸ், தமிழில் இனிப்பு நீர் என்று இந்நாட்டு மக்கள் சொல்வது வெறும் பேச்சுவழக்கு இல்லை. அந்த நாயின் சிறுநீரில் உண்மையிலேயே சர்க்கரை இருந்தது. ஆக, சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் ஏதோ ஒன்றை அந்தத் தீவுகள்தான் சுரக்கின்றன என்று பலரும் ஊகித்துவிட்டார்கள். அதை வெளியே எடுக்கத்தான் யாராலும் முடியவில்லை. ஜெர்மனி, ருமேனியா, அமெரிக்கா என்று பல இடங்களில் முயன்றார்கள். ருமேனியாவின் பவுலெஸ்கு ஏறக்குறைய எட்டியும் விட்டார். 1921-இல் நாய்களிடம் கண்ட பலனை அவர் வெளியிட்டார். அவருக்கு உரிய பெயர் கிடைக்காமல் போனதை இன்றும் குறையாகச் சொல்கிறார்கள். அது நியாயமான குறைதான்.

பேன்டிங்கின் யோசனை இப்படிப் போனது. கணையத்தை அரைத்தால் செரிமான நீரும் சேர்ந்து வந்து அந்த மர்மப் பொருளை அழித்துவிடுகிறது போலும். செரிமானக் குழாயைக் கட்டிவிட்டால், அந்த நீரைச் சுரக்கும் பகுதி சில வாரங்களில் வாடிப்போகும். தீவுகள் மட்டும் பிழைத்திருக்கும். பிறகு அதிலிருந்து சாறு எடுக்கலாம்.

இதைத் தூக்கிக்கொண்டு டொராண்டோவில் இருந்த பேராசிரியர் ஜான் மெக்லியோடிடம் போனார். ஸ்காட்லாந்துக்காரரான மெக்லியோட் அந்தத் துறையில் பெரிய பெயர். எதிரே உட்கார்ந்திருந்தவருக்கோ ஆராய்ச்சி அனுபவம் கிடையாது, படித்ததும் கொஞ்சம். அவர் தயங்கினார். ஆனாலும் கோடை விடுமுறைக்கு ஓர் ஆய்வுக்கூடம், 10 நாய்கள், உதவிக்கு ஒரு மாணவர் என்று கொடுத்தார். உதவியாளராக வரத் தகுதியான மாணவர் இருவர் இருந்ததால் நாணயம் சுண்டிப் பார்த்தார்கள். 22 வயது சார்லஸ் பெஸ்ட்டுக்கு விழுந்தது. அந்த நாணயம் மறுபக்கம் விழுந்திருந்தால் பெஸ்ட் என்ற பெயர் இன்று யாருக்கும் தெரிந்திருக்காது.

1921 மே 17-ஆம் தேதி வேலை தொடங்கியது. மெக்லியோட் ஸ்காட்லாந்துக்குக் கிளம்பிவிட்டார். இருவருக்கும் கை பழகவில்லை. முதல் சில வாரங்களிலேயே நாய்களில் பெரும்பாலானவை இறந்தன. தெருவில் விலைக்கு வாங்கி வந்தார்கள். வேகும் வெயிலில் மொட்டைமாடிக்குக் கீழே இருந்த அறையில் வேலை. சம்பளம் இல்லாமல் பேன்டிங் தன் பழைய காரை விற்றார். ஜூலை 30-ஆம் தேதி, கணையம் எடுக்கப்பட்ட ஒரு நாய்க்குச் சாற்றை ஊசியில் போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை 200-லிருந்து 120-க்கு இறங்கியது. அந்த நாய் பிழைக்கவில்லை, ஆனால் வழி தெரிந்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், இரவு இரண்டு மணிக்குத் தோன்றிய யோசனை பிறகு தேவைப்படவே இல்லை. குழாயைக் கட்டி வாரக்கணக்கில் காத்திருப்பது ஆகிற காரியமாக இல்லை. கை கொடுத்தது பண்ணை அனுபவம். இறைச்சிக்கு அனுப்பும் பசுக்களைச் சினையாக்கி அனுப்பும் வழக்கம் விவசாயிகளிடம் இருப்பதை பேன்டிங் அறிந்திருந்தார். கருவில் உள்ள கன்றின் கணையத்தில் செரிமான நீர் இன்னும் உருவாகியிருக்காது, தீவுகள் மட்டும் நிறைய இருக்கும். அறுப்புக் கூடத்துக்குப் போய் அதை வாங்கி வந்தார்கள். அதுவும் வேலை செய்தது. டிசம்பரில், ஆல்கஹாலைப் பயன்படுத்தினால் வளர்ந்த மாட்டின் முழுக் கணையத்திலிருந்தே சாறு எடுக்கலாம் என்று கண்டார்கள். இனி நாய்களை நம்பி இருக்க வேண்டியதில்லை.

இந்தச் சமயத்தில் சாற்றைச் சுத்தப்படுத்த ஜேம்ஸ் கோலிப் என்ற உயிர்வேதியியல் நிபுணர் குழுவில் சேர்ந்தார். அவர் இல்லாமல் இந்தக் கதை நாய்களோடு நின்றிருக்கும்.

பேன்டிங்கின் கல்லூரித் தோழர் ஒருவருக்கும் இந்த நோய் இருந்தது. அவரும் டாக்டர். பெயர் ஜோ கில்கிறிஸ்ட். டிசம்பர் 20-ஆம் தேதி அவருக்குச் சாற்றை வாய் வழியே கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு பலனும் இல்லை. காரணம் எளிது. அந்தப் பொருள் ஒரு புரதம். வயிற்றுக்குள் போனால் மீனும் பருப்பும் செரிப்பதைப் போல அதுவும் செரித்துப் போகும். இன்றைக்கும் இன்சுலினைத் தோலுக்கு அடியில் ஊசியாகப் போடுவதற்கு இதுதான் காரணம். நோய் முற்றிப்போனதால் ஊசி என்று நினைப்பது தவறு. மாத்திரையாக விழுங்கினால் அது ரத்தத்துக்குப் போய்ச் சேராது, அவ்வளவுதான்.

1922 ஜனவரி 11. டொராண்டோ பொது மருத்துவமனையில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையன் கிடந்தான். எடை 29 கிலோ. பேன்டிங்கும் பெஸ்ட்டும் எடுத்த சாறு ஊசியாகப் போடப்பட்டது. சர்க்கரை கொஞ்சம்தான் இறங்கியது. ஊசி போட்ட இடம் கட்டிபோல வீங்கிவிட்டது. நிறுத்திவிட்டார்கள். அடுத்த பன்னிரண்டு நாள் கோலிப் இரவும் பகலும் அதைச் சுத்தப்படுத்தும் வழியைத் தேடினார். ஆல்கஹாலின் அளவை ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் வேண்டாத புரதங்கள் முதலில் பிரியும், அதற்கும் மேலே போனால் வேண்டிய பொருள் படியும் என்று கண்டுகொண்டார். ஜனவரி 23-இல் அந்தச் சாறு லெனார்டுக்குப் போடப்பட்டது. ஒரே நாளில் ரத்தச் சர்க்கரை 520-லிருந்து 120-க்கு வந்தது. மலேசிய கிளினிக்குகளில் எழுதித் தரும் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 29-லிருந்து 6.7. பையன் எழுந்து உட்கார்ந்தான். லெனார்ட் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்து, 1935-இல் நிமோனியாவில் இறந்தான்.

இவ்வளவு பெரிய வெற்றி கிடைத்த அதே வாரங்களில் ஆய்வுக்கூடத்துக்குள் அடிதடி நடந்தது. சுத்தப்படுத்தும் முறையைச் சொல்ல மாட்டேன், தனியே போகப்போகிறேன் என்ற தோரணையில் கோலிப் பேச, பேன்டிங் அவர் மேல் பாய்ந்துவிட்டார். பெஸ்ட்தான் இழுத்துப் பிடித்தார். அதற்கு முன்பே பேன்டிங்குக்கு மெக்லியோட் மேல் மனக்கசப்பு. டிசம்பர் கடைசியில் ஒரு மாநாட்டில் பேன்டிங் தடுமாறியபோது மெக்லியோட் எழுந்து பதில் சொன்னார். அதை உதவி என்று எடுத்துக்கொள்ளாமல், தன் கண்டுபிடிப்பைப் பறிக்கும் வேலை என்று பேன்டிங் முடிவு கட்டினார். நல்ல மனிதர்தான், ஆனால் எளிதில் சந்தேகப்படுபவர். கோபம் வந்தால் நியாயம் பார்க்க மாட்டார். மெக்லியோட் கொடுத்த இடமும் அறிவுரையும் இல்லாமல் பேன்டிங் எங்கும் போயிருக்க முடியாது என்பதைக் கடைசி வரை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

தீவு என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து அந்தப் பொருளுக்கு இன்சுலின் என்று பெயர் வைத்தார்கள்.

அது செய்யும் வேலையை ஒரு காலைச் சிற்றுண்டியை வைத்தே சொல்லிவிடலாம். ரொட்டி சானாயும் தே தாரிக்கும் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் அவை குளுக்கோஸாக மாறி ரத்தத்தில் ஏறுகின்றன. கணையத் தீவில் உள்ள பீட்டா செல்கள் அதை உணர்ந்து இன்சுலினை விடுகின்றன. இன்சுலின் போய்த் தட்டினால்தான் தசையும் கொழுப்பும் கதவைத் திறந்து குளுக்கோஸை உள்ளே விடும். கல்லீரல் மிச்சத்தைச் சேமித்து வைக்கும். சாப்பிடாமல் இருக்கும்போது அதே தீவில் உள்ள ஆல்ஃபா செல்கள் குளுக்ககான் என்ற ஹார்மோனை விட்டு, சேமித்ததை வெளியே எடுக்கச் சொல்லும். அட்ரீனலும் இதில் கை வைக்கும். காய்ச்சலோ கவலையோ வந்தால் அங்கிருந்து வரும் ஹார்மோன்கள் சர்க்கரையை ஏற்றிவிடும். ஒன்றும் தப்பாகச் சாப்பிடவில்லையே, அளவு ஏன் கூடியது என்று கேட்பவர்களில் சிலருக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

லெனார்டுக்கு வந்தது முதல் வகை. அதில் பீட்டா செல்களே அழிந்துவிடும், ஊசி இல்லாமல் உயிர் தங்காது. இங்கே பெரும்பாலோருக்கு இருப்பது இரண்டாம் வகை. இன்சுலின் சுரக்கிறது, ஆனால் செல்கள் அது தட்டும் சத்தத்துக்குச் சரியாகச் செவி கொடுப்பதில்லை. கணையம் மேலும் மேலும் சுரந்து ஈடுகட்டப் பார்க்கும். பல ஆண்டு இப்படி உழைத்த பீட்டா செல்கள் ஓய்ந்துபோகும்போது, மாத்திரை மட்டும் போதாமல் போகிறது. அப்போது வெளியிலிருந்து கொடுப்பது உடல் இத்தனை நாள் தானே தயாரித்த அதே பொருள். கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும் கெடுப்பது கட்டுக்குள் வராத சர்க்கரை. ஊசியைத் தள்ளிப் போட்டுவிட்டுத் தாமதமாக வருபவர்களிடம் இரண்டும் ஒரே சமயத்தில் வந்து சேர்வதால், பழி ஊசி மேல் விழுகிறது.

ஊசிக்கும் கவனம் வேண்டும் என்பதை டொராண்டோக் குழு முதலில் முயல்களிடம் பார்த்தது. இன்சுலின் கூடிப்போன முயல்கள் வலிப்பு வந்து விழுந்தன, குளுக்கோஸ் கொடுத்ததும் எழுந்தன. ஊசி போடுகிறவர்கள் வேளைக்குச் சாப்பிட வேண்டும், பையில் ஒரு மிட்டாய் வைத்திருக்க வேண்டும் என்று தாதியர் இன்றும் சொல்வது இதனால்தான்.

செய்தி பரவியதும் பெற்றோர் டொராண்டோவுக்கு எழுதிக் குவித்தார்கள். ஆனால் பெருமளவில் தயாரிக்கப் போனபோது கோலிப்பின் கைப்பக்குவம் அவருக்கே திரும்ப வரவில்லை. 1922-இன் முற்பகுதியில் பல வாரங்கள் இன்சுலினுக்குக் கடும் தட்டுப்பாடு. பிறகு அமெரிக்காவின் இலாய் லில்லி நிறுவனத்துடன் சேர்ந்து உற்பத்தியைச் சீர்படுத்தினார்கள். அந்த ஆகஸ்டில் அமெரிக்க வெளியுறவு அமைச்சரின் மகள் எலிசபெத் ஹியூஸ் வந்து சேர்ந்தாள். 15 வயதை நெருங்கிய அவளுடைய எடை ஏறக்குறைய 20 கிலோதான். அவள் பிழைத்து, கல்லூரி முடித்து, மணம் செய்து, மூன்று பிள்ளைகளைப் பெற்று, 1981 வரை வாழ்ந்தாள்.

பேன்டிங், பெஸ்ட், கோலிப் மூவரும் காப்புரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு 1 டாலருக்கு விற்றுவிட்டார்கள். உயிர் காக்கும் மருந்தை வைத்து டாக்டர் பணம் பண்ணக்கூடாது என்பது பேன்டிங்கின் பிடிவாதம். சண்டைக்காரர்கள் மூவரும் ஒத்துப்போன விஷயம் இது ஒன்றாவது இருந்தது.

1923 அக்டோபரில் நோபல் பரிசு பேன்டிங்குக்கும் மெக்லியோடுக்கும் அறிவிக்கப்பட்டது. பேன்டிங்குக்கு அப்போது 31 வயது. மருத்துவத்தில் அவரைவிட இளையவர் எவரும் இன்று வரை அந்தப் பரிசைப் பெற்றதில்லை. அவரோ மகிழ்வதற்குப் பதில் கொதித்தார். பெஸ்ட்டை விட்டுவிட்டு மெக்லியோடா என்று பரிசையே மறுக்கப் பார்த்தார். நண்பர்கள் சமாதானம் செய்தபின் தன் பணத்தில் பாதியைப் பெஸ்ட்டுக்குக் கொடுத்தார். மெக்லியோட் தன் பங்கில் பாதியைக் கோலிப்புக்குக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு பேன்டிங்குக்கு அரசாங்க உதவித்தொகை வந்தது, அவர் பெயரில் கழகம் வந்தது, 1934-இல் சர் பட்டம் வந்தது. புற்றுநோயிலும் சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரல் நோயிலும் ஆராய்ச்சி செய்தார். இன்சுலின் போல இன்னொன்று அமையவில்லை. முதல் திருமணம் மணமுறிவில் முடிந்தது. ஓவியம் வரைவதில் அவருக்குக் கிடைத்த அமைதி ஆய்வுக்கூடத்தில் கிடைத்ததாகத் தெரியவில்லை. ஓவியர் ஏ. ஒய். ஜாக்சனுடன் 1927-இல் வடதுருவப் பகுதி வரை போய்ப் பனியை வரைந்து வந்தார்.

அந்தக் காலத்து இன்சுலின் மாட்டின், பன்றியின் கணையத்திலிருந்து வந்தது. அதனால் முஸ்லிம்களுக்கும் இந்துக்களுக்கும் இருந்த தயக்கத்தின் நிழல் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. மனித இன்சுலினுக்கான மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்துத் தயாரிக்கும் முறை 1978-இல் கைகூடி, 1982-இல் விற்பனைக்கு வந்தது. இப்போது பெரும்பாலும் பாக்டீரியாவிலும் ஈஸ்டிலும்தான் இன்சுலின் தயாராகிறது.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் பேன்டிங் மறுபடி ராணுவச் சீருடை போட்டார். போர் விமானிகளின் உடல்நலம் பற்றிய ஆராய்ச்சியை மேற்பார்த்தார். 1941 பிப்ரவரியில் இங்கிலாந்துக்குப் புறப்பட்டபோது வழியில் மொன்ட்ரியலில் கோலிப்பைப் பார்த்துவிட்டுப் போனார். ஒருகாலத்தில் கழுத்தைப் பிடிக்கப் போனவர்கள் அதற்குள் நல்ல நண்பர்களாகியிருந்தார்கள். நியூஃபவுண்ட்லாந்தில் கிளம்பிய சிறிது நேரத்தில் விமானம் பழுதாகிப் பனிக்காட்டில் விழுந்தது. விமானி மட்டும் பிழைத்தார். பிப்ரவரி 21-ஆம் தேதி பேன்டிங் இறந்தபோது அவருக்கு வயது 49.

அவரிடம் 1922 ஜூலையில் தூக்கிக்கொண்டு வரப்பட்ட பிள்ளைகளில் டெடி ரைடர் என்ற 5 வயதுப் பையனும் ஒருவன். எடை 12 கிலோ, நடக்கத் தெம்பில்லை. மறு ஆண்டு அவன், தான் இப்போது கொழுகொழுவென்று இருப்பதாகவும் மரம் ஏறுவதாகவும் பேன்டிங்குக்குக் கடிதம் எழுதினான். அந்தப் பையன் 70 ஆண்டுகளுக்கு மேல் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு, 1993-இல் தன் 76-ஆவது வயதில் காலமானார்.